மஞ்சள் கிரேனின் கொக்கி

"என் வீட்டுக்காரர் அங்க செத்துக்கிட்டிருக்கார். போலீஸ்காரங்க அவரோட வீடியோவைப் பார்த்து ரசிச்சுக்கிட்டிருக்காங்க!"

வந்த பெண்மணி நாற்காலியில் உட்காரும் முன்பே இதைக் கொட்டிவிட்டாள். பெயர் மிர்தா. அக்குளில் ஒரு பிளாஸ்க், கையில் மாத்தே கஷாயக் குடுவை. உருகுவே நாட்டுக்காரர்களை அடையாளம் காணத் துப்பறியும் ஆள் தேவையில்லை. அந்த பிளாஸ்க்கை இடுக்கிக்கொண்டு கல்யாணத்துக்கே போவார்கள். அவள் விரல்களிலிருந்து வினிகர் நெடி குப்பென்று அடித்தது. ஊறுகாய் போட்டுவிட்டு நேரே வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

"முதல்ல உட்காருங்க" என்றாள் யஸ்னா ஓயார்சுன். என் முதலாளி. சாந்தியாகோவின் பிராங்க்ளின் தெருவில், மெத்தைக் கடைக்கு மேல் இருக்கிற இந்த ஒற்றை அறைதான் எங்கள் ஆபீஸ். அவள் துப்பறிவாள். நான், நிபால்தோ, கார் ஓட்டுவேன், டீ போடுவேன், பயப்படுவேன். கடைசி வேலைக்குத் தனிச் சம்பளம் கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

"உங்க வீட்டுக்காரர் யாரு?"

"ரோசமெல். மேஸ்திரி ரோசமெல்!"

நான் நிமிர்ந்தேன். மேஸ்திரி ரோசமெல்லைத் தெரியாத ஆளா நான்? பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கிப் பொம்மை செய்கிற செட்டுகள் வருகின்றனவே, அவற்றுக்கு ரிவ்யூ போடுகிறவர். அதிலும் கட்டட வேலை செட்டுகள் மட்டும்தான். கிரேன், பொக்லைன், ரோடு ரோலர், சிமெண்ட் கலவை லாரி. கோட்டை, விண்கலம் எல்லாம் கொண்டுபோனால் "அது குழந்தைங்க சமாசாரம்" என்று திருப்பி அனுப்பிவிடுவார். கிரேனைக் கட்டி முடித்ததும் கொக்கியில் ஒரு டின் மீனை மாட்டி, "தூக்குமா, தூக்காதா?" என்று கேட்பார். நாடே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும்.

"அவரு ஓய்வுக்குத் தெற்குக் கோடியில இருக்கிற பூந்தா அரேனாஸுக்குப் போயிருக்கிறதா வீடியோவுல சொன்னாரே?" என்றேன்.

"பொய்! இன்சுலின் ஊசி இல்லாம அவரால இருக்க முடியாது. மருந்து அப்படியே வீட்டு ஃபிரிட்ஜில இருக்கு. மருந்தை விட்டுட்டு யாராவது ஊருக்குப் போவாங்களா? அவரைப் பிடிச்சு வச்சிருக்கான் அந்த அலிரோ!"

அலிரோ, பெர்சா சந்தையில் பழைய கட்டைச் செட்டுகளை விற்கும் வியாபாரி. ரோசமெல்லிடம் சீல் பிரிக்காத மஞ்சள் கிரேன் பெட்டி ஒன்று இருந்தது. அலிரோவிடம் வாங்கியது, இப்போது உலகத்திலேயே விரல் விட்டு எண்ணலாம். அதை எல்லோரும் பார்க்கக் கேமரா முன்னால் பிரிக்கப் போவதாக அறிவித்தார். அடுத்த நாளே ஆளைக் காணோம். பிறகு வந்த வீடியோக்கள் எல்லாவற்றிலும் ஒரே பல்லவி: "அலிரோ கிட்ட வாங்குங்க. சீலைப் பிரிக்காதீங்க."

"அலிரோவோட கிடங்கை உடைச்சுப் பாருங்க. நீங்க சொன்னாத்தான் போலீஸ் கேக்கும். இன்னிக்கே போங்க, அவரால இதுக்கு மேல..."

அவள் முடிக்கவில்லை. தரை லேசாகக் குலுங்கியது. நேற்று காலை வந்த நிலநடுக்கத்தின் மிச்சம். நானும் யஸ்னாவும் எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதைச் செய்தோம். பேச்சை நிறுத்தி, கூரையில் தொங்கும் பல்பைப் பார்த்தோம். சும்மா ஆடியது. சரி, விட்ட இடத்திலிருந்து பேசலாம்.

மிர்தாவைக் காணோம்! வாசல் நிலையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு, முகம் வெளுத்து நின்றாள். யஸ்னா உள்ளங்கையைக் கீழே காட்டி, காற்றை மெல்லத் தட்டினாள். "ஒண்ணுமில்ல, போயிடுச்சு."

"எங்க ஊர்ல தரை ஆடாது" என்று மிர்தா அழுதாள். "இத்தனை வருஷமாகியும் எனக்குப் பழகல."

எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

*

அலிரோ தன் கிடங்கில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து எண்ணெய் வழியும் சோபைபில்யா அப்பத்தைத் தின்றுகொண்டிருந்தான். சரியான தொப்பை. எங்களைப் பார்த்ததும் அப்பம் பாதி வழியில் நின்றுவிட்டது.

"வாங்க. கொலைகாரன் மூஞ்சி எப்படியிருக்கும்னு பார்க்க வந்தீங்களா?"

"பார்த்தாச்சு. கொஞ்சம் காரச் சட்னி ஒட்டியிருக்கு, துடைச்சுக்கோங்க" என்றேன்.

"நிபா, சும்மா இரு" என்றாள் யஸ்னா. "ரோசமெல் எங்கே?"

"எனக்கு எப்படித் தெரியும்? அவன் வாயால என் பேர் வரும்போதெல்லாம் ஊரே என்னைத்தான் சந்தேகமாப் பார்க்குது மேடம். நான் அவனைச் சொல்லச் சொல்லல. நேத்து எவனோ என் ஜன்னலைக் கல்லால அடிச்சிருக்கான். வீட்டுக்குப் போகவே பயமாயிருக்கு, இங்கயே படுத்துக்கறேன்."

"கிரேனைப் பிரிச்சா உங்களுக்கு என்ன நஷ்டம்?"

"ஒரு நஷ்டமும் இல்ல. நான் வித்தது அசல் பெட்டி. தாராளமாப் பிரிடா, முன்வரிசையில உட்கார்ந்து பார்க்கறேன்னு சொன்னேன்." எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து ஒரு பெட்டியைக் குழந்தையைத் தூக்குவது போல எடுத்தான். ரோடு ரோலர் செட். "ஆனா இதைக் கேளுங்க. ரோசமெல் வீட்டுலருந்து அவன் பேர்ல பார்சல்ல விற்பனைக்கு வந்தது, காசு கொடுத்து வாங்கி வச்சேன். சீல் பிரிக்காத பெட்டியைக் காதுல வச்சு ஆட்டிப் பார்க்கறது எங்க வழக்கம். கட்டைங்க பேசும். இது பேசுற பேச்சு எனக்குப் பிடிக்கல."

ஆட்டினான். சளசளவென்று கேட்டது.

"பிரிங்க" என்றாள் யஸ்னா.

"ஐயோ! சீலையா? சீல் போனா பெட்டியே போச்சு மேடம். சேகரிக்கிறவன் எவனும் சாகுற வரைக்கும் பிரிக்க மாட்டான்."

"அதனாலதான் பிரிக்கச் சொல்றேன்."

அலிரோ கத்தியை என்னிடம் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் கீறினேன். மேஜை மேல் கொட்டியது கட்டையல்ல. மக்ரோனி! முழங்கை மாதிரி வளைந்த, உலர்ந்த, சாதாரண மளிகைக் கடை மக்ரோனி.

"அடப்பாவி ரோசமெல்!" என்று நான் கத்தினேன். "கேஸ் முடிஞ்சுது பாஸ். ஆளு கட்டையை எடுத்து வித்துட்டு மக்ரோனியை அடைச்சிருக்காரு. குட்டு உடையறதுக்குள்ள ஓடிட்டாரு. இப்ப பூந்தா அரேனாஸ்ல உட்கார்ந்து நண்டு தின்னுக்கிட்டிருப்பாரு."

"குட்டு உடையக் கூடாதுன்னு நினைக்கிறவன், தானே கேமரா முன்னால பிரிக்கறேன்னு எதுக்குடா அறிவிக்கணும்?"

யஸ்னா போனை எடுத்து, இன்று காலை வெளியான வீடியோவை ஓட விட்டாள்.

ரோசமெல் தெரிந்தார். பின்னால் வெறும் சுவர். முன்னால், மேஜை மேல், அவர் ஏற்கெனவே கட்டி வைத்திருந்த வேறொரு பழைய சின்ன மஞ்சள் கிரேன். அவர் உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது. தண்ணீரை மடக்கு மடக்கென்று குடித்தார்.

"பூந்தா அரேனாஸ்ல நல்ல காத்து..." என்று குழறினார். "இந்தக் கிரேனோட கை நீளம் அருமை. ஸ்டிக்கர் இல்லாம அச்சடிச்ச கட்டையா கொடுத்திருக்கான்..."

டின் மீனை அவர் மாட்டவேயில்லை. கொக்கி நூலில் வெறுமனே தொங்கியது. பேசிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தினார். மேலே பார்த்தார். கேமராவைப் பார்த்து, உள்ளங்கையைக் கீழே காட்டி, இரண்டு தரம் காற்றைத் தட்டினார். பிறகு விட்ட இடத்திலிருந்து பேசினார். "அலிரோ கிட்ட வாங்குங்க. சீலைப் பிரிக்காதீங்க."

"பிடிச்சு வச்சிருக்கறவன் கத்தியைக் காட்டியிருக்கான்" என்றேன். "இவரு பொறு பொறுங்கறாரு."

"மறுபடி பாரு. அவரைப் பார்க்காதே, கிரேனைப் பாரு."

பார்த்தேன். அவர் பேச்சை நிறுத்துகிற அதே நொடியில் கொக்கி ஆடத் தொடங்கியது. யாரும் தொடவில்லை. காற்று என்றால் மேஜை மேலிருந்த காகிதமும் பறந்திருக்க வேண்டும், அது அசையவேயில்லை. நூலில் தொங்கிய கொக்கி மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது.

"நிலநடுக்கம்!" என்று அலிரோவும் நானும் ஒரே நேரத்தில் அலறினோம்.

எத்தனை ஆயிரம் பேர் இந்த வீடியோவைப் பார்த்திருப்பார்கள்! ஒருத்தருக்கும் தோன்றவில்லை. ஒரு ஆள் பேச்சை நிறுத்தி, மேலே பார்த்து, மறுபடி பேசினால், அதில் எங்கள் ஊர்க்காரனுக்கு என்ன அதிசயம்? நாங்களும் நாள் தவறாமல் அதைத்தான் செய்கிறோம்.

"நேத்து காலை சாந்தியாகோவுல ஆடினது" என்றாள் யஸ்னா. "பூந்தா அரேனாஸ்ல ஆடல. ஆள் இங்கதான் இருக்கார். இப்ப கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க."

ஒலியைக் கூட்டினாள். கொக்கி ஆடும் இடத்தில், ரோசமெல்லின் மூச்சுக்குப் பின்னால், ஏதோ கிணுகிணுத்தது. ஒரு மணி அல்ல. நூற்றுக்கணக்கில், சின்னச் சின்னதாக, கண்ணாடி மேல் கண்ணாடி.

அலிரோ எழுந்தே விட்டான். "விளக்குக் கொட்டகை! அடுத்த தெரு. பழைய படிகச் சரவிளக்கு விக்கிற இடம். பூமி ஆடினா அங்க எல்லா விளக்கும் சேர்ந்து கிணுகிணுக்கும், தெருவுக்கே கேட்கும். சனி, ஞாயிறு தவிர மத்த நாள்ல பூட்டித்தான் கிடக்கும்."

"ஆம்புலன்ஸையும் போலீஸையும் அங்க வரச் சொல்லுங்க. இன்சுலின் இல்லாத ஆளுன்னு மறக்காம சொல்லுங்க" என்றபடியே யஸ்னா வாசலைத் தாண்டியிருந்தாள்.

*

சந்தை இல்லாத நாளில் அந்தத் தெருவில் நாய்கூட இல்லை. கொட்டகையின் இரும்பு ஷட்டர் முழங்கால் உயரத்துக்குத் தூக்கியிருந்தது. திறந்த பூட்டு வளையத்தில் தொங்கியது.

"பூட்டு திறந்திருக்குன்னா உள்ளே ஆள் இருக்கு பாஸ். போலீஸ் வரட்டும். நாம ஒரு காபி குடிக்கலாம்."

"அந்த உதட்டைப் பார்த்தேல்ல? அவரால காபி குடிச்சு முடிக்கிற வரைக்கும் தாங்க முடியாது. குனி."

குனிந்தேன். வெளியே மத்தியான வெயில், உள்ளே கிணறு மாதிரி இருட்டு. கண் பழகியதும் பழகாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. தலைக்கு மேல் நீளமான இரும்புக் குழாய்கள். அவற்றில் வரிசை வரிசையாகச் சரவிளக்குகள், ஒன்றுக்கும் வெளிச்சமில்லை. எல்லாம் எங்களையே பார்ப்பது போல இருந்தது. வழியில் ஒரு வாளியில் கால் பட்டது. விளக்குப் படிகங்கள் அழுக்குப் போக உள்ளே ஊறிக்கொண்டிருந்தன. குப்பென்று ஒரு நெடி.

வினிகர்.

எங்கேயோ முகர்ந்த நெடி. எங்கே என்று யோசிக்கப் பயம் விடவில்லை.

"நிபா, ஒரு விஷயம் சொல்லணும்" என்று யஸ்னா கிசுகிசுத்தாள். "அந்தக் கை..."

அவள் முடிப்பதற்குள் பின்பக்கத் தடுப்புக்கு அப்பாலிருந்து முனகல் கேட்டது. ஓடினோம். மடக்குக் கட்டிலில், ஒரு கணுக்கால் சங்கிலியில், மேஸ்திரி ரோசமெல்! பக்கத்து மேஜையில் கேமரா, மஞ்சள் கிரேன், காலியான தண்ணீர்ப் பாட்டில்கள். மூச்சு வேகமாக, ஆழமாக வந்துகொண்டிருந்தது. யஸ்னா அவர் கன்னத்தைத் தட்டினாள். கண் திறக்கவில்லை, ஆனால் உயிர் இருந்தது.

உயிர் இருந்தது! சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பாவம் அந்தப் பெண்மணி, எப்படித் துடித்துக்கொண்டிருப்பாள்! போனை எடுத்து அவள் நம்பரைத் தட்டிவிட்டேன்.

"யாருக்குடா அடிக்கிறே?" என்றாள் யஸ்னா. அவள் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதேயில்லை.

"மிர்தாவுக்கு. நல்ல சேதிதானே..."

கொட்டகையின் முன்பக்கத்தில், விளக்குகளுக்கு நடுவே, ஒரு போன் அடித்தது.

நான் சட்டென்று துண்டித்தேன். அங்கேயும் நின்றது. கடகடவென்று ஷட்டர் இறங்கியது. உள்தாழ்ப்பாள் விழுந்தது. இருட்டில் காலடி ஓசை எங்களை நோக்கி வந்தது, அவசரமே இல்லாமல்.

மிர்தா. ஒரு கையில், விளக்கு மாட்டுகிற நீளமான கொக்கிக் கம்பு. மறு கையில் சின்னக் கண்ணாடி மருந்துக் குப்பி. காலையில் அவள் விரல்களில் அடித்தது ஊறுகாய் நெடி அல்ல, இந்தக் கொட்டகையில் விளக்குக் கழுவுகிற வேலையின் வினிகர்.

"போலீஸோட அலிரோ கிடங்குக்குத்தானே போகச் சொன்னேன்?" என்றாள். அழுகையே இல்லாத குரல். "நீங்க போலீஸைக் கூட்டிக்கிட்டு வர்றதுக்குள்ள இவரை அந்தக் கிடங்குக்குப் பின்னால கொண்டுபோய்ப் போட்டிருப்பேன். நீங்களே கண்டுபிடிச்சிருப்பீங்க. எல்லாருக்கும் நல்லபடியா முடிஞ்சிருக்கும்."

"அவருக்கு நல்லபடியா முடிஞ்சிருக்காதே" என்றாள் யஸ்னா.

"போனைக் கீழ வைங்க. இல்லன்னா இந்த மருந்து தரையில உடையும்."

வைத்தோம். நான் பின்வாங்கினேன். முதுகு ஒரு தூணில் இடித்தது. பிடிமானத்துக்கு அதில் கட்டியிருந்த கயிற்றைப் பற்றிக்கொண்டேன்.

"ஒரு வீடியோவுக்கு ஒரு ஊசி. அப்படித்தானே?" என்று யஸ்னா பேச்சுக் கொடுத்தாள். "நேத்திலிருந்து ஊசி இல்ல."

"உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"உங்க வீட்டுக்காரர்தான் சொன்னார். பூமி ஆடினப்ப கேமராவுக்குப் பின்னால நின்ன ஆளை, பயப்படாதேன்னு கையைத் தட்டி சமாதானம் பண்ணினார். இந்த ஊர்ல பிறந்தவங்களுக்கு அந்தச் சமாதானம் தேவையில்ல. வீடியோவை வெட்டும்போது அது உங்க கண்ணுல படல, ஏன்னா அவர் எப்பவும் அப்படித்தானே செய்வார்? எனக்கும் முதல்ல உறைக்கல. காலையில உங்களுக்கு நானே அதைத்தானே செஞ்சேன்."

மிர்தாவின் முகம் ஒரு கணம் கலங்கியது. பிறகு இறுகியது.

"அடுத்த வருஷம் எங்க ஊர் மோந்தெவிதேயோவுக்குப் போயிடலாம், அடுத்த வருஷம் போயிடலாம்னு சொல்லிச் சொல்லியே என் தலையை நரைக்க வச்சார். சம்பாதிச்சதெல்லாம் பெட்டி, பெட்டி! பிரிக்காத பெட்டி! எனக்கு ஆடாத தரையில படுத்துத் தூங்கணும், அவ்வளவுதான் கேட்டேன். பெட்டியோட அடிப் பசையில ஆவி காட்டி ஒவ்வொண்ணாப் பிரிச்சேன். கட்டையை வித்தேன், மக்ரோனியைப் போட்டு ஒட்டினேன். சேர்த்து வச்ச பெட்டியை எந்தக் காலத்துலயும் பிரிக்காத மனுஷன், கேமரா முன்னால பிரிக்கப் போறேன்னு நிக்கறார்! அதுலயும் அந்தக் கிரேனை!"

"அதுக்காக ஆளையே கொல்லுவியா?" என்று என் வாய் என்னைக் கேட்காமல் சொல்லிவிட்டது.

அவள் என் பக்கம் திரும்பினாள். கம்பு முனையின் இரும்புக் கொக்கி என் தொண்டைக்கு நேராக வந்தது. செத்தேன் என்று நினைத்தேன். உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை நடுங்கினேன், இப்படி ஒரு நடுக்கம் என் ஆயுசில் நடுங்கியதில்லை.

கிணுக்.

மிர்தா நின்றாள். கண் மேலே போனது.

கிணுக், கிணுக், கிணுகிணு...

நான் பிடித்திருந்த கயிறு மேலே இரும்புக் குழாயில் கட்டியிருந்தது. குழாயில் விளக்கு வரிசை. என் நடுக்கம் கயிறேறிப் போய்ப் படிகங்களை ஆட்டிக்கொண்டிருந்தது.

யஸ்னா கொட்டகையே அதிரக் கத்தினாள். "பூகம்பம்! பெருசா வருது!" அதே மூச்சில் என்னிடம், "நிபா, இன்னும் நல்லா நடுங்குடா!"

நல்லாவா? கயிற்றைப் பிடித்துத் தொங்கிவிட்டேன். தலைக்கு மேல் அத்தனை சரவிளக்கும் பேயாட்டம் ஆடின. கண்ணாடி மழை பெய்வது போல ஒரு சத்தம். மிர்தா வீறிட்டாள். கம்பு கீழே விழுந்தது. ஷட்டரை நோக்கி ஓடினாள், தாழ்ப்பாளை அவளே பிடுங்கினாள், அவளே தூக்கினாள், வெயிலுக்குள் பாய்ந்தாள். வெளியே இரண்டு போலீஸ்காரர்களும், அவர்களுக்கு முன்னால் தொப்பையோடு அலிரோவும் நின்றிருந்தார்கள். நேரே அந்தத் தொப்பையில் போய் மோதினாள். அப்போதும் மருந்துக் குப்பியை விடாமல் மார்போடு அணைத்திருந்தாள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் உள்ளே ஓடி வந்தார்கள். ஒருவர் சங்கிலியை வெட்ட, இன்னொருவர் ரோசமெல்லின் கையில் ஊசியை ஏற்றினார். "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா கஷ்டம். இப்ப பிழைச்சுக்குவார்" என்றார்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கயிற்றை விட்டும் விளக்குகள் உடனே அடங்கவில்லை. கிணுகிணுத்துக்கொண்டே இருந்தன. வெளியே மிர்தா, தரை ஆடுகிறது, தரை ஆடுகிறது என்று கதறிக்கொண்டிருந்தாள். யார் சொல்லியும் நிறுத்தவில்லை.

அந்தச் சத்தம் ரோசமெல்லுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவர் கண் திறக்கவில்லை. ஊசி ஏறாத கை மட்டும் கட்டிலிலிருந்து மெல்ல எழுந்தது. உள்ளங்கையைக் கீழே காட்டி, காற்றை இரண்டு தரம் தட்டியது.

"ஒண்ணுமில்ல மிர்தா" என்றார். "போயிடுச்சு. நான் இருக்கேன்ல?"